பேச்சியம்மா நிறுத்திய லோடு

பேக் ஹவுஸில் புதிதாக சூப்பர்வைசர் கோட்டு மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி நாளில் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லியிருந்தீர்கள். நான் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். தொட்டியில் எவ்வளவு படிகாரம் போடுவது, குளிர் அறையை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. நின்று படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாத ஒரு சங்கதியை மட்டும் நான் சொல்கிறேன்.

நான் தேவாரம் ஊர்க்காரி. கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, வாழைக்காய் ஏற்றுமதி செய்யும் இந்த பேக் ஹவுஸில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். 'பெருமைக்குச் சொல்லவில்லை' என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இன்று இந்தப் பக்கத்து பேக் ஹவுஸ்களில் லைன் நடத்துகிற பெண்களில் பாதிப் பேர் என்னிடம் வேலை பழகியவர்கள். ஆனால் ஆளைப் பழக்குவது எப்படி என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் அடித்த கூத்து இருக்கிறதே, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பொய்க்கணக்கு.

லைன் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து வரும் தாரைக் கத்தி மேசையில் சீப்புச் சீப்பாக வெட்டித் தொட்டியில் விடுவார்கள். கழுவி, தரம் பிரித்து, எடை போட்டு, பெட்டியில் அடுக்கினால் நேரே கன்டெய்னர். ஒரு காய் உள்ளுக்குள் பழுக்க ஆரம்பித்திருந்தால் போதும், அது விடுகிற வாயுவில் கப்பல் கரை சேர்வதற்குள் பெட்டி பெட்டியாகப் பழுத்துவிடும். ஆகவே சந்தேகமான காயைக் கழிப்பதில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது. அந்த வேலையை அறுபது பெண்கள் நிற்கிற லைனில் ஒருத்தி மட்டும் செய்துகொண்டிருந்தாள். அது நான்தான்.

லைன் கடைசியில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி இருக்கும். சந்தேகம் வந்த சீப்பைக் கழுவுகிறவர் எடைக்காரரிடம் தள்ளுவார். எடைக்காரர் அந்தப் பெட்டியில் போடுவார். அதற்கு 'அக்கா பெட்டி' என்று பெயர். வயது வித்தியாசம் இல்லாமல் லைனுக்கே நான் அக்கா. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் போகும், போகாது என்று தீர்ப்புச் சொல்வேன். பெட்டி நிரம்ப நிரம்ப எனக்கு மனசும் நிரம்பும்.

பண்ணைப்புரத்தில் என் தம்பி மகன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். முகூர்த்த நேரத்தில் செல்போனில் வாழைக்காய்ப் படங்களாக வந்து விழுந்தன. 'இது போகுமாக்கா?' 'அப்ப இது?' மேளச் சத்தத்துக்கு நடுவில் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி மேடையிலிருந்தே கத்தினான்.

"அக்கா, அட்சதையப் போடாம அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? வாழைக்காயா? பந்தியில வறுத்து வச்சிருக்கோம், போயித் தின்னு!"

மண்டபமே சிரித்தது. எனக்கு வெட்கமாகவே இல்லை. நான் இல்லாமல் அங்கே ஒரு சீப்பு நகராது என்பதில் அத்தனை மிதப்பு.

மறுநாள் குளிர் அறை மெஷினை சர்வீஸ் பண்ண ஒரு மெக்கானிக் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொண்டதில்லை. அவரிடமும் இந்தக் கதையை அளந்து, "நான் ஒரு நா இல்லேன்னா இங்கன எல்லாம் நின்னு போகுது தம்பி" என்றேன். அவர் ஸ்பேனரைத் துடைத்தபடியே சொன்னார்:

"எங்க தொழில்ல அப்படி ஒரு பார்ட் இருந்தா அதத்தான் மொதல்ல கழட்டி மாத்துவோம்க்கா."

எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் காபிகூடச் சொல்லவில்லை. மூன்று நாள் அந்த வார்த்தை காதுக்குள் கிடந்து குடைந்தது. நாலாம் நாள் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் போட்டேன்.

சும்மா போடவில்லை. பாடம் நடத்தினேன். படம் போட்டுக் காட்டினேன். எந்தக் கீறல் போகும், எது போகாது என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள். மறுநாள் பார்த்தால் பெட்டி இருந்த இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், கையில் சீப்போடு. "நீங்க என்ன நெனக்கிறீக?" என்று திருப்பிக் கேட்டேன். எடை மேசை முருகாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். பட்டென்று கேட்டுவிட்டார்.

"அத நாங்களே சொல்லணும்னா நீங்க எதுக்குக்கா சம்பளம் வாங்குறீக?"

என் மண்டையில் உறைத்தது அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்துத்தான். கத்தி மேசையில் பேச்சியம்மா என்று ஒருவர். கோம்பைக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் வெட்டிய சீப்பு ஒன்று வழக்கம்போல் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. அவரையே கூப்பிட்டு, இதில் என்ன சந்தேகம் என்று கேட்டேன்.

"சந்தேகம் என்னக்கா? உள்ள பழுக்குது. வெட்டுறப்பவே பால் தண்ணியா வந்துச்சு. பச்சக் காயின்னா கெட்டியால்ல வரும்."

காயை நறுக்கிப் பார்த்தேன். சதை மஞ்சள் தட்டியிருந்தது. எனக்கு நறுக்கினால்தான் தெரிகிறது; அவருக்குக் கத்தி பட்டதுமே தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சே ஏன் கழிக்கல?"

பேச்சியம்மா குரலைத் தாழ்த்தினார். "இது எங்க நாத்தனா வீட்டுக் காயிக்கா. நான் கழிச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கி ஒரு நல்லது கெட்டதுல எப்படி அவுக மூஞ்சில முழிக்கிறது? நீங்க கழிச்சா அது கம்பெனி கழிச்சது."

பாருங்கள், சங்கதி இவ்வளவுதான். தோட்டத்துக்காரர்களும் லைனில் நிற்கிறவர்களும் ஒரே ஊர், ஒரே உறவு. ஒருத்தர் காயைக் கழிப்பது அவர் வைக்கிற மொய்ப்பணத்தை வாங்காமல் திருப்பி நீட்டுவதுபோல. அதனால் எல்லோரும் சேர்ந்து அந்தப் பொல்லாப்பை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நானோ அதை அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துத் தோளைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்! அவர்களுக்குத் தெரியாது என்று நான் பாடம் நடத்தியதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தம்பி தங்கைகளே, ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் முன்னால், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், தெரிந்தும் ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள். நான் கேட்காமல் பல வருஷம் வீணடித்தேன்.

முதலில் லோடுகளில் தோட்டக்காரர் பெயரை எடுத்துவிட்டு நம்பர் போட்டேன். "லாரி ஹாரன் சத்தத்த வச்சே யாரு தோட்டம்னு சொல்லிருவோமேக்கா" என்று சிரித்தார்கள். பிறகுதான் இந்த முறைக்கு வந்தேன். காயைக் கழிக்கிறவர் காரணத்தைச் சத்தமாகச் சொல்லவேண்டும். பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தர் பார்த்துவிட்டு அவரும் சத்தமாகச் சொல்லவேண்டும். இரண்டு வாய் சொன்னால் கழித்தது. பழி ஒரு தலையில் விழாது. இது பழக்கத்துக்கு வர ஆறு மாதம் பிடித்தது. அதற்குள் லைனில் எழும்பிய முதல் குரல் பேச்சியம்மாவுடையது.

லைன் சூப்பர்வைசர் இடம் காலியானபோது நான் அவர் பெயரைச் சொன்னேன். அப்போதிருந்த மேனேஜர் வெளியூர்க்காரர், நல்ல படிப்பாளி. முகத்தைச் சுளித்தார். கடைசியில் ஒரே ஒரு கன்டெய்னர் முழுக்க பேச்சியம்மா பொறுப்பில் விடுவது, சரியாகப் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி கத்தி மேசை என்று முடிவானது. "நடுவுல புகுந்து நீங்க காப்பாத்தக் கூடாது மேடம்" என்று எனக்கும் ஒரு கட்டுப்பாடு.

பேச்சியம்மா என்னிடம் வந்து, "அக்கா, தோத்துட்டா கத்தியத் தூக்க எனக்கு வெக்கமில்ல. ஆனா அப்பறம் இந்த லைன்ல எந்தப் பொம்பளையும் வாயத் தெறக்க மாட்டா" என்றார். தோற்றால் போவது அவர் ஒருவருடைய வேலை மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு மூன்று தோட்டத்து லோடு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கன்டெய்னர் கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கலாம். முதல் இரண்டு லோடும் சிட்டாகப் பறந்தன. மூன்றாவது லோடு கோம்பையிலிருந்து வந்தது. பேச்சியம்மாவின் நாத்தனார் வீட்டு லோடு. கேட்டில் நின்று காலிப்பரால் காயின் பருமனை அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டவள் நான்.

இருபது தார் வெட்டியிருப்பார்கள். கத்தி மேசைக்குப் போன பேச்சியம்மா தானே கத்தியை வாங்கி நாலு தார் வெட்டிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"மோட்டாரை நிறுத்துங்க. மேக்கொண்டு தார் எறக்க வேணாம். இந்த லோடு போகாது."

லாரியோடு வந்திருந்த நாத்தனார் புருஷன் ஓடிவந்தார். அவர் பேச்சியம்மாவுக்கு அண்ணன் முறை. "ஏத்தா தங்கச்சி, வெளையாடுறியா? கேட்டுல அளந்துதான விட்டாக?"

"அளந்தாகண்ணே. பருமன் சரிதான். பால் தண்ணியா வடியுது. ஒரு தாரு ரெண்டு தாரு இல்ல, எல்லாம் அப்படித்தான் இருக்கு. காய் முத்திப்போச்சு."

மேனேஜர் ஆபீசிலிருந்து வேகமாக வந்தார். ஒரு காயை நறுக்கச் சொன்னார். சதை வெள்ளையாகத்தான் இருந்தது. இன்னொன்று. அதுவும் வெள்ளை. மேனேஜர் மணியைப் பார்த்தார், கன்டெய்னரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பேசக் கூடாது என்று சொன்னவரே கேட்டார்:

"நீங்க சொல்லுங்க மேடம். போகுமா, போகாதா?"

உள்ளதைச் சொல்கிறேன். பேச்சியம்மா செய்வது தப்பு என்றுதான் எனக்குப் பட்டது. என் கையால் அளந்திருக்கிறேன், என் கண்ணால் வெள்ளைச் சதையைப் பார்க்கிறேன். சொந்தக்காரர் லோடு என்பதால் தன் நேர்மையைக் காட்ட இவர் தேவைக்கு மேல் முறுக்குகிறார் என்று நினைத்தேன். 'போகும்' என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் கன்டெய்னர் தப்பிக்கும், ஆனால் அன்றோடு அந்த அறுபது பேரும் ஊமையாகிவிடுவார்கள். சொல்லாமல் விட்டு, இவர் சொன்னது தப்பாகிப் போனால் அவர் கதி?

"இன்னைக்கி லைன் அவுகளோடது சார். அவுகளக் கேளுங்க" என்றேன்.

மேனேஜர் பேச்சியம்மாவிடம் திரும்பினார். பேச்சியம்மா அவரைப் பார்க்காமல் லைனைப் பார்த்தார். "ரெண்டாவது வாயி வேணும். யாராச்சும் வந்து பாருங்க."

ஒருத்தர்கூட அசையவில்லை. தோட்டக்காரர் எதிரே நிற்கிறார். எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அப்போது எடை மேசையை விட்டு முருகாயி வந்தார். பேச்சியம்மாவுக்கும் அவருக்கும் தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்த சண்டை வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. ஒரு தாரை வெட்டினார். வடிந்த பாலை விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"தண்ணிப் பாலுதான் சார். எனக்கும் இவளுக்கும் ஆகாது, அது ஊருக்கே தெரியும். அதுக்காக இது கெட்டிப் பாலா ஆயிருமா?"

லோடு திரும்பியது. நாத்தனார் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத தாயி" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். லாரி கேட்டைத் தாண்டும் முன்பே பேச்சியம்மா போனை எடுத்து, காலையில் முதல் லோடு அனுப்பிய பண்ணைப்புரத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வடக்கு வரப்போரம் எரநூத்தம்பது தாருக்குக் கொறயாம நிக்குதுன்னு ஒங்க லோடுமேன் சொன்னாரு. இப்பவே வெட்டணும். ஆள் பத்தாட்டி இங்கனருந்து அனுப்புறேன்."

லோடு இறக்கும்போதே இன்னும் எத்தனை தார் மரத்தில் நிற்கிறது என்று கேட்டு வைத்திருக்கிறார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நானே ஒரு தரம் கேட்டதில்லை.

அன்று யாரும் சோற்றுக்குப் போகவில்லை. இரண்டரைக்கு லாரி வந்தது. கன்டெய்னர் கேட்டைத் தாண்டும்போது ஐந்தேகால், பதினெட்டுப் பெட்டி குறைவு. டிரைவர் சாமர்த்தியத்தில் கப்பலைப் பிடித்துவிட்டோம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 'நாத்தனா சண்டைய லைன்ல காட்டிட்டா' என்று அன்று சாயங்காலமே ஊரில் பேச்சு கிளம்பியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மேனேஜர் காதுக்கும் அது போனது. ஒவ்வொரு லோடிலும் ஒரு பெட்டி எடுத்து, கன்டெய்னரில் இருக்கிற அதே குளிரில் நம் குளிர் அறையில் வைப்பது வழக்கமல்லவா? திருப்பி அனுப்பிய லோடில் ஏற்கெனவே வெட்டிப் போட்டிருந்த சீப்புகளிலிருந்தும் ஒரு பெட்டியை வைக்கச் சொன்னார். "பெட்டி சொல்லட்டும். அதுவரை அவங்க கத்தி மேசையிலயே நிக்கட்டும்" என்றார்.

தினமும் காலையில் போய் நான்தான் அந்தப் பெட்டியைத் திறப்பேன். பச்சை. மறுநாளும் பச்சை. பேச்சியம்மா ஒன்றும் கேட்காமல் தார் வெட்டிக்கொண்டிருப்பார். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தக் காய் பச்சையாகவே இருந்துவிட்டால் நல்லது என்று என் மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. லோடை உள்ளே விட்ட கையெழுத்து என்னுடையது இல்லையா! இந்த அற்ப ஆசை உங்களுக்கும் வரும். வரும்போது அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் திறந்தேன். பெட்டி முழுக்க மஞ்சள் தட்டியிருந்தது. தள்ளித் தனியாக அடுக்கியிருந்த மற்ற லோடுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் எல்லாம் பச்சை.

பிற்பாடு கோம்பைத் தோட்டத்துக்குப் போய் விசாரித்தேன். இலைப்புள்ளி நோய் வந்து வாழைக்கு இலையே நிற்கவில்லை. அப்படிப்பட்ட மரத்தில் காய் அளவுக்கு மேல் பருக்காமலே முற்றிவிடும். காலிப்பர் பருமனை அளக்கும், வயதை அளக்காது. தாவரவியல் படித்த எனக்கு அது தெரியாமலா இருந்தது? தெரியும். அன்றைக்குத் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வாசப்படி மிதிக்காதே என்று போன அந்த அண்ணனே அடுத்த வெட்டுக்கு முன்னால், "தங்கச்சி வந்து பாத்துச் சொன்னா வெட்டுறோம்" என்று ஆள் அனுப்பினார்.

அந்த மஞ்சள் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு லைனுக்கு வந்தேன். மேனேஜரையும் வரச் சொன்னேன். எல்லோர் முன்னாலும், "இத கேட்டுல அளந்து உள்ள விட்டது நான். தப்பு என்னோடது. இத நிறுத்துனது பேச்சியம்மாவும் முருகாயியும்" என்றேன். மேனேஜர் நல்ல மனிதர்தான். அன்று மதியமே பேச்சியம்மாவுக்கு வெள்ளைக் கோட்டுக் கொடுத்தார். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. முருகாயி குண்டூசி தேடினார்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். அவர் என்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டு விடக் கூடாதே என்று சொல்லிவிட்டேன்.

"பேச்சியம்மா, அன்னைக்கி நான் ஒங்கள நம்பி வாய மூடிக்கிட்டு நின்னேன்னு நெனச்சிறாதீக. நீங்க சொன்னது தப்புன்னுதான் நெனச்சேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"அது ஒங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சுக்கா. நம்பி சும்மா நிக்கிறதுக்கு என்ன, யாரு வேணா நிப்பாக. தப்புன்னு நெனச்சுக்கிட்டே என்னையக் கேக்கச் சொன்னீக பாருங்க, அப்பத்தான் எனக்குக் காலு தரையில நின்னுச்சு."